ஓயாத அசதிக்குக் காரணம் தேடும்போது வீட்டார் செய்ய வேண்டியவை

ஆத்தாவின் அசதியை நாங்கள் முதலில் வீட்டின் நீளத்தைக் கொண்டே அளந்தோம். தேவகோட்டைக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் வீடு முகப்பில் தொடங்கி, வளவையும் இரண்டாங்கட்டையும் கடந்து, பின்னால் அடுப்படியில் முடியும். அந்த நீளத்தைக் காலை வேளையில் மட்டும் பத்து முறை நடந்துகொண்டிருந்தவர், ஒரு தை மாதத்தில் வளவுத் தூணைப் பிடித்து நின்று மூச்சு விட்டுப் போகத் தொடங்கினார்; ஆடி பிறந்தபோது இடையில் ஒரு முறை உட்காராமல் அடுப்படிக்குப் போக அவரால் முடியவில்லை. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருந்தோம். தொலைபேசியில் கேட்டால், "ஒன்றுமில்லையப்பா, வயசாகுதுல்ல" என்பார், நாங்களும் அதை நம்பிக்கொண்டோம். காரணம் தெரிய ஒன்றரை ஆண்டு ஆனது. அதில் ஓராண்டு எங்கள் கவனக்குறைவால் வீணானது என்பதால், அதே நிலையில் இருக்கும் மற்ற வீட்டாருக்குப் பயன்படுமென்று இதை எழுதுகிறேன்.

அசதி என்ற சொல்லைப் பிரித்துக் கேளுங்கள்

மருத்துவரிடம் போவதற்கு முன் வீட்டில் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான். நம் வீடுகளில் அசதி, களைப்பு, தளர்ச்சி, மயக்கம், கிறுகிறுப்பு எல்லாவற்றையும் ஒன்றுக்கு ஒன்றாக மாற்றிச் சொல்கிறோம். ஆனால் ஒவ்வொன்றும் மருத்துவரை ஒவ்வொரு வழியில் அழைத்துச் செல்லும். "மயக்கமா வருது" என்று ஒருவர் சொன்னால் அது எழுந்து நிற்கும்போது கண் இருட்டிக்கொண்டு வருவதாக இருக்கலாம், தலை சுற்றுவதாக இருக்கலாம், உண்ட பின் வரும் தூக்கக் கலக்கமாக இருக்கலாம், உண்மையிலேயே நினைவு தப்புவதாகவும் இருக்கலாம்.

எனவே விளக்கம் கேட்காமல் செயலைக் கேளுங்கள். தரையில் உட்கார்ந்தவர் கையூன்றாமல் எழ முடிகிறதா, பரணிலிருந்து பாத்திரத்தைத் தூக்கி எடுக்க முடிகிறதா என்று கேட்டால் தசையின் பலம் குறைந்திருக்கிறதா என்று தெரியும். தைராய்டுக் குறைவும் வைட்டமின் டி குறைவும் இப்படித் தசையில் வெளிப்படலாம். மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குகிறதென்றால் இதயம், நுரையீரல், இரத்தசோகை ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். பகலில் உட்கார்ந்த இடத்திலேயே கண் அயர்கிறதென்றால் இரவுத் தூக்கத்தை விசாரிக்க வேண்டும். உடல் ஒத்துழைத்தும் எதிலும் மனம் ஒட்டவில்லை, கோலம் போடக்கூட விருப்பமில்லை என்றால் மனச்சோர்வைப் பற்றித் தயங்காமல் பேச வேண்டும். அதுவும் சிகிச்சை உள்ள நோயே.

இன்னொரு வகையும் உண்டு, அதை வீட்டார் கவனித்துச் சொல்லாவிட்டால் எந்தப் பரிசோதனையும் காட்டாது. ஒரு கல்யாணத்திலோ பிள்ளையார் நோன்பிலோ முழுநாளும் நின்று வேலை செய்தவர், அன்று நன்றாக இருந்துவிட்டு, மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ படுத்த படுக்கையாகி, நான்கு நாள் ஓய்வெடுத்தும் தெளியாமல் இருக்கிறாரா என்று பாருங்கள். வேலைக்கும் விளைவுக்கும் நடுவே ஒரு நாள் இடைவெளி இருப்பதால் இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. நாட்பட்ட களைப்பு நோய் எனப்படும் எம்.இ./சி.எஃப்.எஸ். நோயின் முக்கிய அடையாளம் இந்தப் பின்தாக்கம்தான்.

சிட்டை எழுதுங்கள்

நம் செட்டிநாட்டு முன்னோர் பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்திருந்த காலத்தில், அன்றன்று நடந்ததை அன்றன்றே சிட்டையில் எழுதி, பிறகு பேரேட்டில் ஏற்றினார்கள். நோயாளியின் கணக்கும் அப்படித்தான் இருக்க வேண்டும். இரண்டு வாரமாவது தினமும் நான்கு வரி எழுதினால் போதும். எத்தனை மணிக்குப் படுத்தார், எழுந்தபோது தெளிவாக இருந்தாரா, அன்று செய்த பெரிய வேலை என்ன, எந்த இடத்தில் நின்றார் அல்லது உட்கார்ந்தார் என்று எழுதுங்கள். காய்ச்சல், இரவு வியர்வை, மலத்தின் நிறம், மாதவிடாய் உள்ளவர்களுக்கு அதன் நாட்களும் அளவும் இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை எடை பார்க்க வேண்டும். முயற்சி எதுவும் செய்யாமலேயே 60 கிலோ உள்ளவர் ஆறு மாதத்தில் 57 கிலோவுக்கு இறங்கினால் அதைத் தனியாக அடிக்கோடிட்டுக் காட்டுங்கள்.

வீட்டில் இரத்த அழுத்தக் கருவி இருந்தால் ஒரு காலையில் இதையும் செய்து பார்க்கலாம். ஐந்து நிமிடம் படுக்க வைத்து அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் குறித்துக்கொண்டு, எழுந்து நின்றபின் ஒன்றாவது நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும், தாங்க முடிந்தால் பத்தாவது நிமிடம் வரையும் எடுக்க வேண்டும். பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும், நாற்காலியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மூன்று நிமிடத்துக்குள் மேல் அழுத்தம் 20 அல்லது கீழ் அழுத்தம் 10 குறைந்தாலும், அழுத்தம் குறையாமல் பத்து நிமிடத்துக்குள் நாடித்துடிப்பு 30 கூடினாலும் அதை மருத்துவரிடம் காட்டுங்கள். பதின்ம வயதினருக்கு அந்த நாடிக் கணக்கு 40.

மருத்துவர் இரண்டு வாரச் சிட்டையை முழுக்கப் படிக்க மாட்டார், படிக்க நேரமும் இருக்காது. அதனால் அதிலிருந்து ஒரே ஒரு பக்கம் எடுத்தெழுதிக்கொள்ளுங்கள்: எப்போது தொடங்கியது, முன்பு செய்ததில் இப்போது செய்ய முடியாதவை எவை, எதனால் கூடுகிறது, கூடவே வேறு என்ன தொந்தரவு என்ற நான்கு செய்திகள் இருந்தால் போதும்.

மருந்துப் பையை அப்படியே எடுத்துச் செல்லுங்கள்

எங்கள் தவறு இங்கேதான் நடந்தது. ஆத்தாவின் சர்க்கரை மாத்திரையையும் இரத்த அழுத்த மாத்திரையையும் ஒழுங்காகச் சொன்னோம். முழங்கால் வலிக்காகக் கடைத்தெரு மருந்துக் கடையில் அவர் கேட்டு வாங்கி, இரண்டு ஆண்டாக ஏறக்குறைய தினமும் விழுங்கிக்கொண்டிருந்த வலி மாத்திரையைச் சொல்லவில்லை. அது எங்களுக்கே தெரியாது. மருத்துவர் சீட்டில் எழுதாத மாத்திரை ஆத்தாவின் மனத்தில் மருந்துக் கணக்கில் வரவில்லை. அந்த வகை மாத்திரைகள் இரைப்பையில் புண்ணை உண்டாக்கிச் சிறிது சிறிதாக இரத்தத்தைக் கசிய வைக்கக்கூடியவை.

ஆகையால் பட்டியல் எழுதுவதைவிட, அலமாரியிலும் தலைமாட்டிலும் சாமி அறையிலும் உள்ள எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போவதே நல்லது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து கொடுக்கும் மாத்திரைகள், சளிக்குப் போடும் மாத்திரை, கண் சொட்டு மருந்து, சித்த மருந்து எல்லாம் அதில் இருக்கட்டும். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை ஆண்டுக்கணக்கில் உட்கொள்வோருக்கும், வாயுவுக்கென்று அமிலம் குறைக்கும் மாத்திரையைத் தொடர்ந்து போடுவோருக்கும் பி12 குறையலாம். அவர்கள் சைவ உணவு மட்டுமே உண்பவராயிருந்தால் அந்த வாய்ப்பு இன்னும் கூடும். நீர் பிரியக் கொடுக்கும் சில மாத்திரைகள் முதியோருக்கு உடலில் சோடியத்தைக் குறைத்துத் தளர்ச்சியை உண்டாக்கும். பெயர் ஒட்டாத பொட்டலத்தில் வரும் வலிச் சூரணங்களில் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு. அதைப் பல மாதம் உண்டவர் திடீரென்று நிறுத்தினால் கடும் சோர்வும் இரத்த அழுத்தக் குறைவும் வரும் என்பதால், மருத்துவரிடம் சொல்லாமல் நிறுத்தவும் கூடாது.

பரிசோதனைக்கு முன் ஊசி போடாதீர்கள்

அசதி என்று போனவுடன் ஒரு பாட்டில் குளுக்கோஸும் ஒரு சத்து ஊசியும் போட்டு அனுப்புவது நம் பக்கத்தில் பழகிப்போன வழக்கம். நாங்கள் முதலில் பார்த்த ஒரு சிறிய மருத்துவமனையிலும் அதுவே நடந்தது. ஐந்து விழுக்காட்டு குளுக்கோஸ் 500 மில்லி பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, அதாவது ஐந்தாறு தேக்கரண்டி. சர்க்கரை நோயாளிக்கு அது நல்லதும் அல்ல. பி12 ஊசி போட்டுக்கொண்ட பிறகு இரத்தத்தில் அதன் அளவைப் பார்த்தால் ஏறித்தான் காட்டும். குறைவு இருந்ததா என்பதை அதன் பிறகு நிச்சயமாகச் சொல்வது கடினம். முடிக்காகப் பயோட்டின் மாத்திரை எடுப்பவர் அதை இரண்டு நாள் முன்னதாக நிறுத்த வேண்டும், ஏனெனில் அது தைராய்டுப் பரிசோதனையின் முடிவையே மாற்றிக் காட்டும். இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்குவதால், அதைத் தொடங்குவதற்கு முன் மலம் எந்த நிறத்தில் இருந்தது என்று கேட்டு எழுதிவையுங்கள்.

யாரிடம் போவது, எப்படிப் பேசுவது

இதயத்துக்கு ஒருவர், நரம்புக்கு ஒருவர், எலும்புக்கு ஒருவர் என்று மதுரைக்கும் திருச்சிக்குமாக அலையாமல், எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் ஒரு பொது மருத்துவ நிபுணரிடம் தொடங்குங்கள். காரைக்குடி அரசு மருத்துவமனையிலும் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் அடிப்படைப் பரிசோதனைகளைச் செய்துகொள்ளலாம். புதுக்கோட்டைப் பக்கத்து ஊர்களுக்கு அங்குள்ள மருத்துவக் கல்லூரி அருகில். காரைக்குடியிலிருந்து மதுரையும் திருச்சியும் ஏறத்தாழ 90 கிலோமீட்டர், பின்தாக்கம் உள்ள நோயாளிக்கு அந்தப் பயணமே ஒரு வாரத்தைப் பறித்துக்கொள்ளும்.

அறைக்குள் நோயாளியைப் பேச விடுங்கள். மகன் முந்திக்கொண்டு பதில் சொல்லும் வழக்கம் நம் வீடுகளில் அதிகம். அவர் சொல்லி முடித்த பிறகு விட்டுப்போனதை மட்டும் சேர்த்துச் சொல்லலாம். பெண்களுக்கு உதிரப்போக்கு, வெள்ளைப்படுதல், சிறுநீர் கசிவு போன்றவற்றை மகனெதிரில் சொல்ல வாய் வராது. ஆத்தாவின் மூத்த மகளான என் ஆச்சி (அக்கா) உடன் போன நாளில்தான், மலம் கறுப்பாகப் போவதையே அவர் வாய் திறந்து சொன்னார். அதுவரை ஓராண்டாக உடன் போனது நான்.

"வயதாகிவிட்டது" என்று மருத்துவரே சொன்னால், பணிவாக ஒரு கேள்வி கேளுங்கள்: "ஆறு மாதத்துக்கு முன்பும் இவருக்கு இதே வயதுதானே ஐயா, நடுவில் என்ன மாறியது?" எங்களுக்கு அந்தக் கேள்வி பலன் கொடுத்தது.

எவற்றைப் பார்க்க வேண்டும்

முதல் சுற்றில் முழு இரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), பி12, டி.எஸ்.எச். (தைராய்டுக்கு), சர்க்கரையும் அதன் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சியும், கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கு), சோடியம், பொட்டாசியம், கால்சியம், கல்லீரல் பரிசோதனை, அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., சிறுநீர், ஈ.சி.ஜி. ஆகியவை போதும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ, மாலைக் காய்ச்சலோ, எடைக் குறைவோ இருந்தால் காசநோய்க்குச் சளியும் மார்பு எக்ஸ்ரேயும் பார்க்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இது இலவசம். கடையில் கிடைக்கும் "முழு உடல் பரிசோதனை"ப் பொதிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். எண்பது எண்கள் கொண்ட தாள் கைக்கு வரும், கேள்வி எதுவும் இல்லாமல்.

ஃபெரிட்டினைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13 கிராமுக்குக் கீழே போனால்தான் இரத்தசோகை என்கிறோம். ஆனால் அது இறங்குவதற்கு முன்பே உடலின் இரும்புச் சேமிப்பு வற்றிவிடும். ஃபெரிட்டின் 15க்குக் கீழே என்றால் குறைவு உறுதி, 30க்குக் கீழே இருந்தாலே பல மருத்துவர்கள் குறைவாகக் கொள்வார்கள். காய்ச்சலோ அழற்சியோ இருக்கும்போது இந்த எண் பொய்யாக ஏறும் என்பதால் சி.ஆர்.பி.யுடன் சேர்த்தே படிக்க வேண்டும். ஆத்தாவின் ஹீமோகுளோபின் 11.2 என்பதால் "லேசான குறைவு" என்று டானிக் எழுதினார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்த ஃபெரிட்டின் 6. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ, எந்த வயது ஆணுக்கோ இரும்பு குறைந்தால், முருங்கைக்கீரையும் மாத்திரையும் கொடுத்து முடித்துக்கொள்ளாமல், இரத்தம் எங்கே போகிறது என்று தேடச் சொல்லிக் கேளுங்கள். இரைப்பைக்கும் பெருங்குடலுக்கும் உள்நோக்கி (எண்டோஸ்கோப்) வைத்துப் பார்ப்பது அதற்காகத்தான். ஆத்தாவுக்கு இரைப்பைப் புண் அப்படித்தான் தெரிந்தது.

நெஞ்சு வலி, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறல், தார்போன்ற கறுப்பு மலம், நினைவு தப்புதல், ஒரு பக்கம் செயலிழத்தல் ஆகியவற்றில் எது வந்தாலும் சிட்டையெல்லாம் பிறகு, 108ஐ அழையுங்கள்.

"எல்லாம் நார்மல்" என்றால்

நோயே இல்லை என்பது அதன் பொருளல்ல, பார்த்தவற்றில் இல்லை என்பதுதான். எவையெவை பார்க்கப்பட்டன என்று கேட்டு எழுதிக்கொண்டு, அடுத்து எதைப் பார்ப்பது என்று கேளுங்கள். இரவில் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று திணறுகிறாரா என்பதைக் கைபேசியில் பதிவுசெய்து காட்டினால், தூக்கப் பரிசோதனைக்கு அனுப்புவதை மருத்துவரால் எளிதில் முடிவுசெய்ய முடியும். மனச்சோர்வு என்று சொன்னால் சண்டையிடாதீர்கள். எதை வைத்து அந்த முடிவுக்கு வந்தார் என்று மட்டும் கேளுங்கள்.

பின்தாக்கமும், தூங்கியும் தெளியாத நிலையும், மூளை மந்தமோ நிற்கும்போது மோசமாவதோ, ஆறு மாதத்துக்கு மேல் முந்தைய வாழ்க்கையை வாழ முடியாத அளவுக்கு நீடித்தால், அது 2015ஆம் ஆண்டு அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் வகுத்த எம்.இ./சி.எஃப்.எஸ். வரையறைக்குள் வரும். அதை உறுதிசெய்ய இரத்தப் பரிசோதனை கிடையாது, சிட்டைதான் சான்று. இவர்களை "தினமும் கொஞ்சம் கூட்டி நடங்கள்" என்று வற்புறுத்தக் கூடாது. படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டும் முறையை இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் கைவிட்டுவிட்டது.

ஒரு காரணம் கிடைத்துவிட்டால் தேடலை அங்கேயே மூடிவிடவும் வேண்டாம். ஆத்தாவுக்கு வலி மாத்திரையை நிறுத்தி, புண் ஆறி, மூன்று மாதத்தில் ஹீமோகுளோபின் ஏறியது. வளவுத் தூணைப் பிடிப்பது நின்றது, பகல் தூக்கம் நிற்கவில்லை. தூக்கத்தில் மூச்சடைப்பு இருப்பது அதன் பிறகே தெரிந்தது. ஹீமோகுளோபின் சரியான பின்னும் இரும்பு மாத்திரையை மருத்துவர் சொன்ன காலம் வரை, பெரும்பாலும் மேலும் மூன்று மாதம், தொடர வேண்டும். மாத்திரையையும் காப்பியையும் சேர்த்துக் குடித்தால் இரும்பு உடலில் சரியாகச் சேராது என்பதால் நடுவே ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். முடிவுத்தாள்கள் அனைத்தையும் தேதி வரிசையில் ஒரு கோப்பில் போட்டு வீட்டிலும், படமெடுத்து எல்லாப் பிள்ளைகள் கைபேசியிலும் வைத்திருங்கள். நள்ளிரவில் ஆத்தாவை அழைத்துக்கொண்டு ஓடப்போவது பக்கத்து வீட்டுத் தம்பியாகவும் இருக்கலாம்.