கொடைக்கானல் வீட்டில் ஹோம்ஸ்டே: போட்டோ எடுக்கும் முன் செய்ய வேண்டியவை

மாடியில் இரண்டு அறை சும்மாதானே கிடக்கிறது, போட்டோ எடுத்து ஏர்பிஎன்பியில் (வீட்டு அறைகளை விருந்தினருக்கு வாடகைக்கு விட உதவும் செயலி) போடலாமா என்று கொடைக்கானல் நண்பர் ஒருவர் கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

படி 1: பதிவு

தமிழ்நாடு சுற்றுலாத் துறையின் 2023 நெறிமுறைகளின்படி ஹோம்ஸ்டே நடத்துபவர்கள் பதிவு செய்ய வேண்டும். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் திட்டம் தனி. அதில் சேர வீட்டுக்காரர் குடும்பத்தோடு அங்கேயே குடியிருக்க வேண்டும். 6 அறைகளுக்கு மேல் வாடகைக்கு விட முடியாது. சென்னையில் இருந்துகொண்டு ஆள் வைத்து நடத்தும் பங்களா அந்தக் கணக்கில் வராது. பத்திரத்திலும் வீட்டுவரி ரசீதிலும் ஒரே பெயர்தானா என்று முதலில் பாருங்கள். காலமான தாத்தா பெயரிலேயே ரசீது வந்துகொண்டிருக்கும் வீடுகள் நம் ஊரில் ஏராளம்.

படி 2: ஜிஎஸ்டி

எல்லோரும் குழம்புவது இங்கேதான். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை நீங்கள் ஜிஎஸ்டி எண் வாங்க வேண்டாம். அப்போது வரியே இல்லையா? செயலி வழியாக வரும் புக்கிங்குக்கு உண்டு; கட்டுவது செயலி நிறுவனத்தின் பொறுப்பு. ஓர் இரவுக்கு 2,500 ரூபாய் என்றால் 5 சதவீதம், அதாவது 125 ரூபாய் சேர்த்து விருந்தினரிடம் வாங்கி அவர்களே கட்டுவார்கள். (2025 செப்டம்பர் 22-க்கு முன் இது 12 சதவீதம். ஓர் இரவுக்கு 7,500 ரூபாய்க்கு மேற்பட்ட அறைக்கு அன்றும் இன்றும் 18.) அதே விருந்தினர் அடுத்த முறை உங்களுக்கே போன் செய்து வந்தால் வரி கிடையாது, ஜிஎஸ்டி என்று பில்லில் எழுதி வாங்கவும் உங்களுக்கு உரிமை இல்லை.

ஒரு விஷயத்தில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்: 20 லட்சத்தில் அறை வரவு மட்டுமல்ல, அதே பான் எண்ணில் வரும் கடை வாடகையும் சேரும்.

படி 3: வருமான வரி

காபி, டிபன், துப்புரவு எல்லாம் சேர்த்து வாடகைக்கு விடும் அறை பொதுவாகத் தொழில் வருமானம். வீட்டு வாடகைக்கான 30 சதவீதக் கழிவை இதில் கேட்க முடியாது. ஆனால் செயலி கமிஷன், சலவை, வெந்நீருக்கு வாங்கிய விறகு எல்லாம் செலவுக் கணக்கில் வரும். ரசீதுகளை ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள்.

படி 4: வெளிநாட்டவர் வந்தால்

வந்து 24 மணி நேரத்துக்குள் குடியேற்ற அலுவலகத்துக்கு ஆன்லைனில் விவரம் அனுப்ப வேண்டும். ராத்திரி 11 மணிக்குத் தூக்கக் கலக்கத்தோடு வந்து நின்றாலும், பாஸ்போர்ட், விசா பக்கங்களைப் போட்டோ எடுத்துக்கொண்டு அப்புறம் சாவியைக் கொடுங்கள்.

சரி, உரிமத்தோடு சம்பந்தமில்லாத ஒன்று: கொடைக்கானலுக்கு வரும் வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் (ஆன்லைனில் எடுக்கும் அனுமதிச் சீட்டு) வேண்டும் என்பதை புக்கிங் வந்த அன்றே சொல்லிவிடுங்கள். சோதனைச் சாவடியில் நின்றுகொண்டு அவர் உங்களுக்குத்தான் போன் போடுவார்.