வெள்ளத்துக்குப் பிறகு பெண்கள் 'பரவாயில்லை' என்று விட்டுவிடும் தவறுகள்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது இலங்கையின் பதுளை, நுவரெலியா, கண்டி மலைகளில் மண் சரிந்து, தோட்டத் தொழிலாளர் வாழும் வரிசை வீடுகளான லயங்கள் பல போயின. உயிர் தப்பியவர்கள் பள்ளிக்கூடங்களிலும் கோவில்களிலும் தங்கினார்கள். அப்படி ஓர் இடத்துக்கு வந்ததும் பெண்கள் பிள்ளையைப் பார்ப்பார்கள், அப்புறம் அடுப்பைப் பார்ப்பார்கள். தன் உடம்பு கடைசியில்தான். தவறுகள் அங்கேயே ஆரம்பிக்கின்றன.

இரவில் கக்கூசுக்குப் போகப் பயந்து பின்னேரத்தோடு தண்ணீர் குடிப்பதை நிறுத்துவார்கள். இதைத் தவறென்றே யாரும் நினைப்பதில்லை. மலைக்குளிரில் தாகமும் தெரியாது. ஆனால் தண்ணீர் குறைந்து, சிறுநீரையும் அடக்கினால் கிருமி பெருகும். நீர்க்கடுப்பில் தொடங்கிச் சிறுநீரகம் வரை போகலாம். கர்ப்பிணிக்கு மாதம் நிறையும் முன்பே வலி வரவும் இது காரணமாகலாம். அதனால் கொதித்தாறிய தண்ணீரை வழக்கம்போல் குடியுங்கள், இரவில் இருவராகப் போங்கள். முகாமை நடத்துகிறவர்களிடம் ஒரு கேள்வி: பெண்களுக்குத் தனிக் கழிவறை, உள்பக்கம் தாழ்ப்பாள், போகும் வழியில் ஒரு பல்ப். இதற்கு என்ன பெரிய செலவு?

மாதவிடாய்த் துணியை வெட்கத்தில் பாவாடைக்கு அடியில் மறைத்துக் காயப்போடுவது இன்னொன்று. மழைநாளில் அது காயவே காயாது. ஈரத்துணி அரிப்பையும் புண்ணையும் தரும். நிவாரணப் பட்டியலை எழுதுகிறவர் பெரும்பாலும் ஆண். அரிசி, பருப்போடு நிறுத்திவிடுவார். நாப்கினையும் உள்ளாடையையும் நீங்களே சொல்லி எழுத வையுங்கள்.

எலிக்காய்ச்சல் வராமலிருக்க டொக்சிசைக்ளின் கொடுப்பார்கள். பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்த வில்லையைக் கர்ப்பிணி வாங்கி விழுங்கக்கூடாது. கர்ப்பமென்று சொன்னால் வேறு மருந்து தருவார்கள். கிளினிக் கார்ட் வெள்ளத்தோடு போய்விட்டதென்று கிளினிக்குக்குப் போகாமல் இருப்பதும் வேண்டாம், புதிதாக எழுதிக்கொள்ளலாம். இரத்தப்போக்கு, கடும் தலைவலி, கண் மங்கல், குழந்தை அசைவு குறைவு, இதில் எது வந்தாலும் விடியும் வரை காத்திருக்காமல் அம்புலன்ஸ் எண்ணான 1990க்கு அழையுங்கள். நிவாரணத்தில் பால்மா வந்ததென்று தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். சுத்தமான தண்ணீரும் போத்தலும் இல்லாத இடத்தில் அந்தப் பால்மாவே வயிற்றோட்டத்துக்கு வழி. கருத்தடை வில்லை தொலைந்தாலும் ஊசியின் தவணை தப்பினாலும் மருத்துவமாதுவிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

அடியும் அத்துமீறலும் நடந்தால் 'குடும்ப விசயம், முகாமில் மானம் போகும்' என்று மூடி மறைப்பதுதான் எனக்குப் பெரிய கோபம். பாலியல் வன்முறை என்றால் 72 மணித்தியாலத்துக்குள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எச்.ஐ.வி.யைத் தடுக்கும் மருந்தை அதற்குள் தொடங்கினால்தான் பலன். கர்ப்பத்தைத் தடுக்கும் வில்லையும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பெரிய அரச ஆஸ்பத்திரிகளில் இதற்கென்றே 'நட்பு நிலையம்' இருக்கிறது. பெண்களுக்கான உதவி எண் 1938. அதைப் பெரிதாக எழுதி, கழிவறைக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். கூட்டம் நிறைந்த முகாமில் ஒரு பெண் தனியாக நின்று வாசிக்கக்கூடிய இடம் அது ஒன்றுதான்.