வன்னிக்கு மலிவு டிக்கெட்டில் வருகிறவர்களுக்கு

ஆடி, ஆவணியில் வெளிநாட்டுப் பள்ளிக்கூடங்கள் விடுமுறை விட்டதும் லண்டன், பாரிஸ், சூரிச் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் கிளிநொச்சிக்கு ஆட்கள் வந்து இறங்குவார்கள். தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் டிக்கெட் கதை தொடங்கிவிடும். யார் ஆகக் குறைந்த விலைக்கு எடுத்தார் என்று ஒரு போட்டியே நடக்கும். இவர்களைக் கூட்டிவர வான் பிடித்துக் கொடுக்கிற வேலை எங்கள் வீட்டில் என் தலையில்தான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், டிக்கெட் விலை கொழும்பு விமான நிலையம் இருக்கிற கட்டுநாயக்காவோடு நின்றுவிடும். வீட்டுப் படலை வரைக்கும் கணக்குப் பார்த்தால்தான் எது மலிவு என்று தெரியும்.

மலிவுக் கம்பனிகள் விற்பது ஆசனத்தை மட்டும். பெட்டி, சாப்பாடு, சன்னலோர இருக்கை எல்லாவற்றுக்கும் தனிக் காசு. துபாயிலிருந்து பிளைதுபாய், சார்ஜாவிலிருந்து ஏர் அரேபியா, கோலாலம்பூரிலிருந்து ஏர் ஏசியா, சென்னையிலிருந்து இன்டிகோ என்று கொழும்புக்கு வருகிற இந்த வகை விமானங்கள் கொஞ்சமல்ல. ஒற்றை ஆள், ஒரு சின்னப் பெட்டி, ஒரு கலியாணத்துக்கோ செத்தவீட்டுக்கோ ஓடி வந்து போகிறவர் என்றால் இவற்றை விட நல்லது கிடையாது. பிள்ளைகளோடு, ஆளுக்கு முப்பது கிலோ சாமானோடு வருகிற குடும்பத்துக்குக் கதை வேறு. பெட்டிக் காசையும் சேர்த்துக் கூட்டினால் பெரிய கம்பனி டிக்கெட்டின் விலையைத் தொட்டுவிடும். சிலவேளை தாண்டியும் போகும்.

ஆகவே முதலில் முடிவெடுக்க வேண்டியது பெட்டியைப் பற்றித்தான். ஏர் ஏசியாவிலும் இன்டிகோவிலும் கைப்பொதிக்கு 7 கிலோ. வெறும் சில்லுப்பெட்டியே இரண்டு மூன்று கிலோ வரும், மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கவுண்டரில் கொடுத்துவிடுகிற பெரிய பெட்டிக்கு டிக்கெட் எடுக்கும்போதே இணையத்தில் காசு கட்டிவிடுங்கள். கவுண்டரில் கிலோக் கணக்கில் அறவிடுகிற விலை வயிற்றெரிச்சலைக் கிளப்பும். சித்தி ஒருவர் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிற கதை இது. கைப்பொதி இரண்டு கிலோ கூடிவிட்டது. வரிசையை விட்டு விலகி, நிலத்தில் பெட்டியைப் பிரித்து, சித்தப்பா அந்த வெக்கையில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு குளிர் ஜக்கெட்டைப் போட்டு, பொக்கெற் இரண்டிலும் சொக்லேட்டைத் திணித்து, மறுபடி தராசுக்குப் போனாராம். பின்னால் நின்ற பெடியன் ஒருவனும் அதைப் பார்த்துத் தன் ஜக்கெட்டை எடுத்துப் போட்டானாம். கொக்கி போட்டுத் தூக்குகிற கைத்தராசு ஒன்று வாங்கி வைத்தால் இந்தக் கூத்துத் தேவையில்லை.

இன்னொன்று, சவர்க்காரம், சம்பூ, பற்பசை என்று கட்டிச் சுமந்து வராதீர்கள். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் கார்கில்ஸ் புட் சிற்றி இருக்கிறது, எல்லாம் கிடைக்கும். நாங்கள் வாய் திறந்து சொல்ல மாட்டோம், ஆனால் அந்த நிறைக்குக் கட்டின காசைக் கையில் தந்தால் இன்னும் சந்தோசம். மருந்து மட்டும் மறக்க வேண்டாம். அதை மருத்துவரின் துண்டோடு கைப்பொதியில் வையுங்கள். பவர் பாங்கும் கைப்பொதியில்தான் வரவேண்டும்.

சரி, எங்கே இறங்குவது? வன்னிக்குள் பயணிகள் விமானம் இறங்குகிற இடம் கிடையாது. தெற்கே கட்டுநாயக்கா, வடக்கே யாழ்ப்பாணத்துப் பலாலி, இரண்டுதான் வழி.

கட்டுநாயக்காவில் இறங்குகிறவர்கள் கொழும்புக்குள் போகவே தேவையில்லை. நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம், அனுராதபுரம், வவுனியா என்று நேரே வடக்கே வரலாம். மடு, மன்னார்ப் பக்கம் போகிறவர்கள் மதவாச்சியில் இடப்பக்கம் திரும்பிச் செட்டிகுளம் வழியாகப் போவார்கள். முல்லைத்தீவுக்கு, யாழ்ப்பாணம் போகிற ஏ9 வீதியில் மாங்குளத்தில் திரும்பி ஒட்டுசுட்டான் வழி. விசுவமடு, புதுக்குடியிருப்புக்குப் பரந்தன் வரை வந்து திரும்பலாம். கிளிநொச்சிக்கு ஆறு ஏழு மணித்தியாலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில்தான் மலிவு டிக்கெட்டின் நேரம் வந்து கழுத்தைப் பிடிக்கும். விடியப்புறம் மூன்று நான்கு மணிக்கு இறங்குகிற விமானம் பார்ப்பதற்குக் கொடுமையாக இருந்தாலும் வன்னிக்காரருக்கு அதுதான் வாய்ப்பு. வழியில் எங்கேயாவது இடியப்பமோ பாணோ சாப்பிட்டுவிட்டு மத்தியானச் சோற்றுக்கு வீட்டில் நிற்கலாம். பின்னேரம் இறங்குகிறது வேண்டாம். புத்தளத்துக்கு அங்கால் இருட்டில் யானைப் பயம், ஏ9 வீதியில் நடுறோட்டில் படுத்திருக்கிற மாடு, சாரதிக்கு நித்திரை. நீர்கொழும்பில் ஓர் இரவு அறை எடுத்துத் தங்கினால் டிக்கெட்டில் மிச்சம் பிடித்தது அங்கே போய்விடும். கோயில் திருவிழாக் காலத்தில், முக்கியமாக வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கும் ஆவணியில் மடுவுக்கும் வருகிறவர்கள், டிக்கெட்டோடு சேர்த்து வானையும் அப்போதே சொல்லி வைக்க வேண்டும்.

பலாலி விமான நிலையம் 2019 ஒக்டோபரில் சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்டது. கொரோனாவோடு நின்ற சென்னைச் சேவை 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. 2024 செப்டெம்பரிலிருந்து இன்டிகோவும் சென்னையிலிருந்து பறக்கிறது. ஏடிஆர் எனப்படும் காற்றாடி விமானம்தான், பறப்பு ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல். தலைக்கு மேலிருக்கும் தட்டு சின்னது. மற்ற விமானத்தில் அடங்குகிற சில்லுப்பெட்டி இதில் அடங்காது, வாசலில் வாங்கிச் சாமான் ஏற்றுகிற பகுதியில் போட்டுவிடுவார்கள். நகை, பாஸ்போட், மருந்து எல்லாவற்றையும் தோளில் கொழுவுகிற சின்னப் பையில் வைத்திருங்கள். இறங்கினால் ஆனையிறவு தாண்டிக் கிளிநொச்சிக்கு இரண்டு மணித்தியாலமளவில் வந்துவிடலாம். வயதானவர்களைக் கூட்டி வருகிறவர்களுக்கு நான் சொல்வது இந்த வழிதான்.

ஆனால் ஒரு பொறி இருக்கிறது. லண்டனிலிருந்து சென்னைக்கு ஒரு டிக்கெட், சென்னையிலிருந்து பலாலிக்கு வேறு டிக்கெட் என்று எடுத்தால் சென்னையில் குடிவரவைத் தாண்டி வெளியே வந்து, பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். அதற்கு இந்திய விசா கட்டாயம். பிள்ளைக்கும் தனியாக எடுக்க வேண்டும். முதல் விமானம் பிந்தினால் இரண்டாவது கம்பனிக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை, டிக்கெட் போனது போனதுதான். அவுஸ்திரேலியாவிலிருந்து வருகிறவர்களுக்குக் கோலாலம்பூரிலும் இதே சங்கதி. ஏர் ஏசியா இரண்டாம் முனையத்தில், மற்றப் பெரிய கம்பனிகள் முதலாம் முனையத்தில். தனித்தனி டிக்கெட் என்றால் மலேசியாவுக்குள் நுழைந்துதான் மாற வேண்டும், அதற்கு வருகைப் படிவத்தை முன்கூட்டியே இணையத்தில் நிரப்ப வேண்டும். ஒரே டிக்கெட்டாகக் கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் அதை எடுங்கள். தனித்தனிதான் என்றால் நடுவில் ஓர் இரவு விடுங்கள்.

பிந்தினால் நட்டஈடு கிடைக்கும் என்று ஐரோப்பாவிலிருந்து வருகிறவர்கள் நம்பியிருப்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து புறப்படுகிற விமானத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தும். திரும்பிப் போகும்போது கொழும்பிலிருந்து வளைகுடாக் கம்பனியில் ஏறினால் பொருந்தாது.

வெளிநாட்டுப் பாஸ்போட் வைத்திருப்பவர்கள் இலங்கைக்குள் வருவதற்கு இணையத்தில் எடுக்கிற பயண அனுமதியை (ETA) அரச குடிவரவுத் திணைக்களத்தின் தளத்திலேயே எடுங்கள், இடைத்தரகர் தளங்கள் காசைப் பிடுங்கும். டிக்கெட்டில் பெயரைப் பாஸ்போட்டில் உள்ளபடியே, தகப்பன் பெயர் எங்கே நிற்கிறதோ அங்கேயே போடுங்கள். பிறகு திருத்தப் போனால் அதற்கும் காசு.

திரும்பிப் போகும்போது பெட்டி இன்னும் பாரமாகிவிடும், அது எங்கள் குற்றம். ஒடியல், பனங்கட்டி, மிளகாய்த்தூள், முல்லைத்தீவுக் கருவாடு, காட்டுத் தேன், நெய் எல்லாம் அப்பம்மா கட்டி வைப்பார். தேனும் நெய்யும் கைப்பொதியில் 100 மில்லிலீற்றருக்கு மேல் போகாது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் நெய் பால் பொருள் என்று தடுக்கப்படும், தேன் ஆளுக்கு 2 கிலோ வரை கொண்டுபோகலாம். கருவாட்டுக்குப் பிரச்சினையில்லை, ஆனால் மூன்று உறை போட்டுக் கட்டுங்கள். அவுஸ்திரேலியாக்காரர் எந்தச் சாப்பாட்டுச் சாமானையும் படிவத்தில் எழுதியே ஆகவேண்டும்.

இணையத்தில் செக்-இன் செய்வதை வழியில் பார்க்கலாம் என்று விடாதீர்கள். சில கம்பனிகள் கவுண்டரில் போர்டிங் அட்டை அச்சடித்துத் தரவும் காசு கேட்கும். புறப்படுவதற்கு முதல்நாள் பட்டணத்துக்கு வந்து ஏதாவது கொமினிக்கேசன் கடையில் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வான் சாரதியிடம் கொடுத்து வையுங்கள். விமானம் எத்தனை மணிக்கு என்று அவர்தான் வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வருவார்.