வசனத்தோடு உங்கள் வரி ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள்

காலையில் வாட்ஸ்அப்பில் பைபிள் வசனப் படம் அனுப்புவது நல்லதுதான், ஆனால் எல்லாருக்கும் ஒரே படம் போனால் பாதிப் பேர் திறந்துகூடப் பார்ப்பதில்லை. ஒரு நாளைக்கு ஒருவரை மட்டும் நினைத்து, அவர் பெயரைச் சொல்லி ஜெபித்துவிட்டு, "நாளைக்கு இன்டர்வியூன்னு சொன்னீங்களே, இப்பதான் அதுக்காக ஜெபிச்சேன், முடிஞ்சதும் கூப்பிடுங்க" என்று எழுதிப் பாருங்கள். ரோமர் 16-ஆம் அதிகாரத்தில், அதாவது ரோம் சபைக்கு எழுதிய கடிதத்தின் முடிவில், அப்போஸ்தலர் பவுலும் இப்படித்தான், பெயர் பெயராகச் சொல்லி, யார் யார் பாடுபட்டார்கள் என்பதையும் சேர்த்தே வாழ்த்துகிறார் (நாம் அவசரமாகத் தாண்டிவிடும் அதிகாரம்!).

நொந்துபோனவரிடம் எடுத்த எடுப்பில் வசனம் சொல்ல வேண்டும் என்றும் இல்லை. செத்தால் போதும் என்று சூரைச்செடியின் கீழே படுத்துவிட்ட தீர்க்கதரிசி எலியாவுக்கு (1 இராஜாக்கள் 19) தேவதூதன் முதலில் கொடுத்தது சுட்ட அடையும் தண்ணீரும். சாப்பிட்டுவிட்டு அவர் திரும்பவும் படுத்துக்கொண்டார், பேச்செல்லாம் அப்புறம்தான். அதனால் "சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா" என்று கேட்டுவிட்டு, அவர் பேசுவதைக் குறுக்கிடாமல் கேளுங்கள்.

சரி, சோர்வு உங்களுக்கே என்றால்? சபையில் நம்பகமான ஒருவரிடம் காரணத்தைச் சொல்லியே ஜெபிக்கக் கேளுங்கள், பவுலே தன் நிருபங்களில் (கடிதங்களில்) அப்படிக் கேட்டவர்தான். வாரக்கணக்கில் மனசு தேறவில்லை என்றால் டாக்டரையும் பாருங்கள், ஜெபத்துக்கு அது எதிரி இல்லை.