ஆல்-இன்-ஒன் வாங்கலாமா, டெஸ்க்டாப்பை நாமே அசெம்பிள் செய்யலாமா?

ஆறு வருடம் ஒழுங்காக ஓடிய என் ஆல்-இன்-ஒன் (திரைக்குள்ளேயே முழு கம்ப்யூட்டரும் அடங்கியிருக்கும் வகை) ஒரு நாள் காலையில் ஆன் ஆகவே இல்லை. சர்வீஸில் கொடுத்தால் மதர்போர்டு (எல்லாப் பாகங்களும் இணையும் முக்கிய போர்டு) போய்விட்டது, அந்த மாடலுக்கு இப்போது போர்டு வருவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். போர்டு போனதைவிட எனக்கு மனசு கேட்காதது அந்தத் திரைக்குத்தான். 24 அங்குலம், ஒரு கீறல் கிடையாது, நிறம்கூட மங்கவில்லை. ஆனால் அதை வெறும் மானிட்டராகக்கூடப் பயன்படுத்த முடியவில்லை, ஏனென்றால் பின்பக்கம் இருந்த எச்டிஎம்ஐ போர்ட் படத்தை வெளியே அனுப்ப மட்டும்தான், உள்ளே வாங்காது. அடுத்த கம்ப்யூட்டரை நானே அசெம்பிள் செய்தேன். எதை வாங்குவது என்று முடிவெடுப்பதிலிருந்து முதல் முறை ஆன் செய்வது வரை, நான் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். விண்டோஸ் போட பென் டிரைவ் தயாரிப்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: யாருக்காக வாங்குகிறீர்கள்?

வேகத்தை வைத்து முடிவெடுக்க ஆரம்பித்தால் குழப்பம்தான் மிஞ்சும். நாலைந்து வருடம் கழித்து ஏதாவது பழுதானால் அதைத் திறந்து பார்க்கப்போவது யார் என்று முதலில் யோசியுங்கள். ஆல்-இன்-ஒன் பார்க்க டெஸ்க்டாப் மாதிரி இருந்தாலும் உள்ளே பெரும்பாலும் லேப்டாப் சமாச்சாரம்தான்: வடிவத்தில் சின்னதான லேப்டாப் ராம், பல மாடல்களில் போர்டிலேயே சால்டர் செய்த, அதாவது கழற்ற முடியாதபடி பற்றவைத்த பிராசசர், வெளியே தனியாக ஒரு அடாப்டர். மெல்லிய உடம்பு என்பதால் சூடு வெளியேற இடமும் குறைவு. வீடியோ எடிட்டிங், கேம் என்று மணிக்கணக்கில் அழுத்தி வேலை வாங்குபவர்களுக்கு அதை நான் சொல்லவே மாட்டேன்.

ஆனால் என் அம்மாவுக்குக் கம்ப்யூட்டர் வேண்டும் என்றதும் ஆல்-இன்-ஒன்தான் வாங்கிக் கொடுத்தேன். கேமரா, மைக், ஸ்பீக்கர் எல்லாம் உள்ளேயே இருக்கிறது, ஒரே ஒரு வயர், மேசையும் சுத்தமாக இருக்கிறது. வீடியோ காலும் வங்கி வேலையும் பார்ப்பவருக்கு அது போதும். வாங்கியதிலிருந்து ஒரு தடவைகூட எதையாவது கழற்றி மாட்டச் சொல்லி அம்மா என்னைக் கூப்பிட்டதில்லை.

படி 2: ஆல்-இன்-ஒன் என்றால், பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

எச்டிஎம்ஐ உள்வாங்கும் போர்ட் இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். போர்ட்டுக்குப் பக்கத்தில் 'இன்' அல்லது 'அவுட்' என்று எழுதியிருக்கும், இல்லையென்றால் மேனுவலில் இருக்கும். உள்வாங்கும் வசதி இருந்தால் போர்டு போன பிறகும் திரை பிழைத்துக்கொள்ளும். விலை கூடினால் இதெல்லாம் தானாக வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். 2009-ல் வந்த 27 அங்குல ஐமேக்கை வெளி மானிட்டராகப் பயன்படுத்த முடிந்தது, 2014-ல் வந்த 5கே ஐமேக்கில் அந்த வசதியே இல்லை.

அப்புறம் ராம். ஸ்லாட்டில் இருக்கிறதா, போர்டோடு சேர்ந்ததா? 2021-ல் வந்த 24 அங்குல எம்1 ஐமேக்கில் வாங்கும்போது என்ன ராமோ கடைசி வரை அதேதான். ஃபைல்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டியை மாற்ற முடியுமா என்றும் பாருங்கள். டெல், எச்பி, லெனோவோ போன்ற நிறுவனங்கள் தங்கள் தளத்திலேயே சர்வீஸ் மேனுவலை வைத்திருக்கின்றன. மாடல் எண்ணைப் போட்டு இறக்கி, ராமை எட்ட எத்தனை ஸ்க்ரூ கழற்ற வேண்டும் என்று ஒரு தடவை புரட்டுங்கள். திரையையே பெயர்த்தால்தான் ராம் தெரியும் என்கிற மாடலை விட்டுவிடுவது நல்லது.

படி 3: அசெம்பிள் என்றால், எதை முதலில் தேர்ந்தெடுப்பது?

மானிட்டரை. இரண்டு கம்ப்யூட்டர் மாறினாலும் நல்ல மானிட்டர் அப்படியே இருக்கும், அதனால் கொஞ்சம் கூடுதலாகச் செலவழிப்பது அதில்தான் நியாயம்.

பிராசசரில் நான் பிடிவாதமாகப் பார்ப்பது உள்ளேயே கிராஃபிக்ஸ் இருக்கிறதா என்பதை. இன்டெலில் பெயர் 'எஃப்' என்று முடிந்தால் இருக்காது. ஏஎம்டியின் ரைசன் 5000 வரிசை டெஸ்க்டாப் பிராசசர்களில், எண்ணுக்குப் பின்னால் 'ஜி' எழுத்து வருபவற்றில் மட்டும்தான் உண்டு. ரைசன் 7000 வரிசையில் 'எஃப்' மாடல்களைத் தவிர மற்றவற்றில் சின்னதாக ஒன்று இருக்கும். தனி கிராஃபிக்ஸ் கார்டு போடுபவர்களுக்கும் இதையே சொல்கிறேன், ஏனென்றால் கார்டு கோளாறு செய்யும் நாளில் அதைக் கழற்றிவிட்டுத் திரையில் படம் வருகிறதா என்று பார்க்க வேறு வழி இருக்காது.

மதர்போர்டும் ராமும் சேர்ந்தே வாங்க வேண்டியவை. பிராசசர் உட்காரும் இடமான சாக்கெட், ரைசன் 7000-க்கான ஏஎம்5 வகை என்றால், டிடிஆர்5 வகை ராம் மட்டும்தான். இன்டெலின் எல்ஜிஏ1700 போர்டுகளில் டிடிஆர்4 வகையும் உண்டு, டிடிஆர்5 வகையும் உண்டு, பெயர் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும், ஆனால் ஒன்றின் ராம் மற்றதில் உட்காராது. பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

பவர் சப்ளையில் மட்டும் மலிவுக்குப் போகவே வேண்டாம். வயர்களைத் தனியாகக் கழற்றக்கூடிய மாடுலர் வகை வாங்கினால் அதோடு வந்த வயர்களை மட்டும் பயன்படுத்துங்கள். பழைய பவர் சப்ளையின் வயர் சரியாகப் பொருந்துவது போலவே இருக்கும், ஆனால் உள்ளே பின்களின் வரிசை வேறாக இருக்கலாம், எஸ்எஸ்டி ஒரே நொடியில் போய்விடும்.

படி 4: பூட்டுவது

பிராசசரின் முக்கோணக் குறியை சாக்கெட்டின் குறியோடு பொருத்துவது, பிராசசரைக் குளிர்விக்கும் கூலரின் அடியிலுள்ள பிளாஸ்டிக் தாளை உரிப்பது, இதெல்லாம் எந்த வீடியோவிலும் இருக்கிறது. நான் இரண்டு நாள் திணறியது வேறொரு இடத்தில்.

எல்லாம் மாட்டி ஆன் செய்தேன். ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரையில் ஒன்றும் இல்லை. ராமை மாற்றி மாற்றிப் போட்டேன், கேபிளை மாற்றினேன், பிராசசரே பழுது என்று திருப்பி அனுப்பக்கூடத் தயாராகிவிட்டேன். கடைசியில் பார்த்தால் மதர்போர்டின் இடது மேல் மூலையில் 8 பின் இணைப்பு ஒன்று காலியாக இருந்தது. பெரிய 24 பின் இணைப்பு போர்டுக்கு, இந்த 8 பின் பிராசசருக்கு. இது இல்லாவிட்டாலும் ஃபேன் சுற்றும், அதுதான் நம்மை ஏமாற்றுகிறது.

அந்த மூலை கேபினெட்டின் மேல் விளிம்பை ஒட்டி இருக்கும். கூலரையும் மாட்டிவிட்டால் விரல் நுழையாது. அதனால் போர்டை ஸ்க்ரூ போட்டு இறுக்கும் முன்பே இந்த வயரைப் பின்பக்க ஓட்டை வழியாக மேலே இழுத்து வைத்துவிடுங்கள். கிராஃபிக்ஸ் கார்டுக்கு வரும் வயரும் பெரும்பாலும் 8 பின்தான், ஆனால் அது 6, 2 என்று பிரியும், பிராசசருக்கானது 4, 4 என்று பிரியும். உட்காரவில்லை என்றால் அழுத்தாதீர்கள், வேறு வயரை எடுத்திருக்கிறீர்கள்.

நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் ராம் இரண்டு என்றால், பெரும்பாலும் பிராசசர் பக்கத்திலிருந்து எண்ணி 2, 4 ஆவது ஸ்லாட்டுகளில் போடுங்கள். 'டக்' என்று சத்தம் கேட்கும் வரை இரு முனைகளையும் அழுத்த வேண்டும்.

படி 5: முதல் முறை ஆன் செய்யும்போது

டிடிஆர்5 என்றால் பொறுமை வேண்டும். போர்டு ராமைப் பழகிக்கொள்ள முதல் தடவை சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும், அதுவரை திரை கருப்பாகவே இருக்கும். பயந்து நடுவில் அணைத்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து. தனி கிராஃபிக்ஸ் கார்டு போட்டிருந்தால் மானிட்டர் கேபிளைக் கார்டில்தான் சொருக வேண்டும், போர்டில் அல்ல.

பிற்சேர்க்கை: இதைப் படித்து அசெம்பிள் செய்த இரண்டு பேர் ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டதாக எழுதியிருந்தார்கள். விண்டோஸ் 11 நிறுவும்போது இன்டர்நெட் கேட்கிறது, ஆனால் வைஃபையை இயக்கும் சாஃப்ட்வேரான டிரைவர் இன்னும் இல்லாததால் ஒரு நெட்வொர்க்கும் தெரியவில்லை. ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து, போனின் இன்டர்நெட்டைப் பகிரும் யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள், பெரும்பாலும் உடனே இணைந்துவிடும். முடியாவிட்டால் வேறு கம்ப்யூட்டரில் உங்கள் போர்டின் பக்கத்துக்குப் போய் வைஃபை டிரைவரை இறக்கி, விண்டோஸ் இருக்கும் அதே பென் டிரைவில் ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.