மதுரை வெயிலுக்கு ஏற்ற முற்றம்: நிழலில் தொடங்கி மல்லியில் முடிப்போம்

வீட்டு வாசலில் பத்துக்குப் பன்னிரண்டு அடி இடம் இருந்தால் போதும், சாயங்காலம் நாலு பேர் உட்கார்ந்து பேச நல்ல முற்றம் அமைத்துவிடலாம். ஆனால் பெரும்பாலான வீடுகளில் அந்த இடத்தில் பைக் நிற்கும், ஓரமாக நாலைந்து வாடிய செடி இருக்கும், வருகிறவர்கள் நேராக உள்ளே போய் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துகொள்வார்கள்.

ஒத்தக்கடைப் பக்கம் நாங்கள் குடிவந்த புதிதில் எங்கள் வீடும் அப்படித்தான் இருந்தது. மேற்குப் பார்த்த முற்றம், தரையில் கறுப்புக் கடப்பா கல். ஆசையில் ஒரே நாளில் இருபது செடி வாங்கி வந்து வரிசையாக வைத்தேன். பங்குனி முடிவதற்குள் பாதி கருகிவிட்டது. ஊரிலிருந்து வந்த அப்பத்தா வாசலிலேயே நின்று, "ஏய்யா, உக்கார எடமில்லாம எதுக்குய்யா இம்புட்டுச் செடி?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் வேலையைத் தலைகீழாகத் திருப்பினேன். முதலில் நிழல், அப்புறம் உட்கார இடம், செடி கடைசியில். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதே வரிசையில் செய்யுங்கள்.

படி 1: வெயிலைக் கோலமாவால் குறியுங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்குங்கள். காலை 9 மணி, மதியம் 12, பிற்பகல் 3, மாலை 5 ஆகிய நேரங்களில் நிழல் எதுவரை விழுகிறது என்று தரையில் கோலமாவால் கோடு போட்டு, பக்கத்திலேயே மணியையும் எழுதுங்கள். சாயங்காலம் பார்த்தால் எந்த மூலை நாள் முழுக்கக் காய்கிறது, எது சீக்கிரம் குளிர்கிறது என்று தெரிந்துவிடும்.

சித்திரை பிறக்கும் சமயத்தில் மதுரையில் உச்சி வெயில் நேர் தலைக்கு மேல் நிற்கும். அதன் பிறகு ஆகஸ்ட் கடைசி வரை சூரியன் நமக்குச் சற்று வடக்கே தள்ளியே போகும். அதனால் மே, ஜூன் மாதங்களில் மாலை வெயில் மேற்கிலிருந்து மட்டுமல்ல, வடமேற்கு மூலையிலிருந்தும் உள்ளே அடிக்கும். மார்கழியில் கோடு போட்டுப் பார்த்தவர்கள் இதை மனதில் வைத்து மறைப்பைத் திட்டமிடுங்கள்.

படி 2: ஒரு வாளித் தண்ணீர்

வீட்டுச் சுவர் ஓரத்தில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுங்கள். அது வெளிப்பக்கம் ஓட வேண்டும். தேங்கினால் ஐப்பசி, கார்த்திகை மழையில் முற்றம் பாசி பிடித்துவிடும். பத்தடி நீளத்துக்கு ஒன்றேகால் அங்குலம் சரிவு போதும். கொத்தனாரிடம் தரை போடுவதற்கு முன்பே சொல்லுங்கள், பிறகு சொன்னால் உடைக்க வேண்டியிருக்கும்.

படி 3: தரை

வழவழப்பான டைல்ஸ் மழையில் வழுக்கும். கறுப்புக் கல் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு இரவு எட்டு மணிக்கும் கொதிக்கும். ஆத்தங்குடிக் கல் கூரைக்குக் கீழே அவ்வளவு அழகு, ஆனால் நேர் வெயிலும் மழையும் படுகிற இடத்தில் நான் போடமாட்டேன். திறந்த முற்றத்துக்கு மாடியில் பதிக்கிற அதே தட்டோடுதான் என் தேர்வு. மாலை ஐந்தரைக்கு அதன்மேல் இரண்டு செம்புத் தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று உறிஞ்சிக்கொள்ளும், முதல் மழை வாசம் எழும், கொஞ்ச நேரத்தில் வெறுங்காலோடு நடக்கலாம்.

படி 4: நிழல்

செலவு குறைவாக வேண்டுமென்றால் பந்தல்தான். நாலு சவுக்குக் கம்பு வாங்குங்கள். மண்ணுக்குள் போகிற பகுதிக்குத் தார் பூசி, இரண்டடி ஆழத்தில் நடுங்கள். வீட்டுப் பக்கம் ஒன்பதடி, வெளிப்பக்கம் எட்டடி உயரம் நிற்கட்டும். மேலே தென்னங்கீற்று வேய்ந்தால் அதன் குளுமைக்கு ஈடே இல்லை. ஓரிரு வருடத்தில் மாற்ற வேண்டும், தீபாவளிச் சமயத்தில் ராக்கெட் விழாமல் கவனிக்க வேண்டும் என்பதுதான் சிரமம்.

பச்சை நிழல்வலை போடுகிறவர்கள் பாதி வெயிலை மறைக்கிற 50 சதவீத வலையை வாங்குங்கள், செடிக்கும் வெளிச்சம் கிடைக்கும். வலையின் நாலு மூலையில் மட்டும் கட்டினால் ஆடிக்காற்றில் கிழிந்துவிடும். அம்மியையே நகர்த்துகிற காற்றல்லவா! ஓரம் முழுக்க இரண்டடிக்கு ஒரு கட்டுப் போடுங்கள். மேற்கிலும் வடமேற்கு மூலையிலும் சுருட்டி ஏற்றுகிற மூங்கில் தட்டி தொங்கவிட்டால் நாலு மணி வெயில் முகத்தில் அடிக்காது.

படி 5: உட்கார இடம்

பிளாஸ்டிக் நாற்காலியை யாராவது எடுத்துப் போட்டால்தான் உட்கார முடியும். திண்ணை இருந்தால் யாரும் சொல்லாமலே வருகிறவர்கள் உட்காருவார்கள். ஒன்றரை அடி உயரம், ஒன்றரை அடி அகலம் போதும். படுக்கவும் வேண்டுமென்றால் அகலத்தை இரண்டரை அடியாக்குங்கள். உயரத்தை மட்டும் குறைக்காதீர்கள், முட்டி வலிக்கிற பெரியவர்கள் கை ஊன்றாமல் எழ வேண்டும். மேலே சிவப்பு ரெட் ஆக்சைடு பூச்சு, முதுகு சாய ஒரு சுவர். எங்கள் திண்ணைக்கு அளவு சொன்னது அப்பத்தாதான். செங்கலை அடுக்கி உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இன்னொரு வரிசை வையி" என்றார். நீங்களும் கட்டுவதற்கு முன் அப்படி அடுக்கிப் பாருங்கள்.

விளக்கு மஞ்சள் வெளிச்சமாக, கண்ணில் படாமல் சுவரை நோக்கி இருந்தால் போதும். வெள்ளை டியூப் லைட்டுக்கு ஈசல் மொய்க்கும். வெளிப்புற வயரிங்கை எலக்ட்ரீஷியனிடமே விடுங்கள்.

படி 6: இப்போது செடி

இந்த அளவு இடத்துக்கு ஆறு தொட்டி போதும். மானாமதுரை மண் தொட்டி கிடைத்தால் அதையே வாங்குங்கள், வேர் சூடேறாது. நடுவதற்கு முன் ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவையுங்கள், இல்லாவிட்டால் செடிக்கு ஊற்றுவதைத் தொட்டி குடித்துவிடும். அடித்துளைமேல் ஓட்டுச் சில்லு ஒன்றைக் கவிழ்த்து வையுங்கள். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு கலந்து, விளிம்புக்கு ஓர் அங்குலம் கீழே வரை நிரப்புங்கள். தொட்டியைத் தரையில் அப்படியே வைக்காமல் இரண்டு செங்கல்மேல் ஏற்றுங்கள்.

நாள் முழுக்க வெயில் படுகிற இடத்துக்குக் காகிதப்பூவும் இட்லிப்பூவும். காகிதப்பூவுக்குத் தினமும் ஊற்றினால் இலைதான் வரும், மண் காய்ந்தபின் ஊற்றினால்தான் பூக்கும். நிழல் மூலைக்கு மணி பிளான்ட். திண்ணையில் கை எட்டுகிற தூரத்தில் கற்பூரவல்லி வையுங்கள், பேச்சுவாக்கில் இலையைத் தடவினாலே வாசம் வரும். அரளி அழகுதான், ஆனால் முழுச்செடியும் விஷம். சின்னக் குழந்தைகளோ ஆடுகளோ உள்ள வீட்டில் வேண்டாம்.

பந்தலில் ஏற்ற ரங்கூன் மல்லி ஒன்றைத் தரையிலேயே ஒன்றரை அடிக் குழி எடுத்து நடுங்கள். சாயங்காலம் வெள்ளையாக விரியும் பூ மறுநாள் ரோஸ் நிறமாகி அப்புறம் சிவந்துபோகும். ஒரே கொத்தில் மூன்று நிறத்தையும் பார்க்கலாம்.

தொட்டித் தட்டுகளில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள். பூ மிதக்கும் உருளி வைத்திருந்தால் இரண்டு நாளுக்கு ஒருமுறை கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள். கொசு முட்டையிலிருந்து வெளிவர ஒரு வாரம்தான் ஆகும்.

மதுரையில் இருந்துகொண்டு மல்லி இல்லாமல் முற்றமா? 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற பூ நம்முடையது. பெரிய தொட்டியில் ஒரு குண்டுமல்லிப் பதியன் வையுங்கள், நல்ல வெயில் படட்டும். காற்று வருகிற பக்கம் இருந்தால் வாசம் திண்ணைக்குத் தானாக வரும். நவம்பர் கடைசி வாரத்தில் கத்தரியை எடுத்து, மனம் கேட்காவிட்டாலும், தொட்டி மண்ணிலிருந்து ஒன்றரை அடி விட்டு எல்லாக் கிளையையும் வெட்டுங்கள். இலைகளையும் உருவிவிட்டு இரண்டு கை தொழு உரம் போடுங்கள். சில வாரம் மொட்டைக் குச்சியாக நிற்கும், பயப்பட வேண்டாம். அப்புறம் கணுவுக்குக் கணு துளிர் வரும், மாசி வாக்கில் நுனிகளில் அரிசி அளவு மொட்டுத் தெரியும்.