பொட்டாசியம் 6.8 காட்டினால்: ரிப்போர்ட் போகுமுன் லேபில் பார்க்க வேண்டியவை

திரையில் பொட்டாசியம் 6.8 என்று வந்ததும் பலரும் செய்வது ரீ-ரன். அதே ட்யூபை மறுபடி ஏற்றினால் 6.7 அல்லது 6.9 வரும், "கன்ஃபர்ம்" என்று அனுப்பிவிடுவார்கள். இதில் உறுதியானது மெஷின் ஒழுங்காக அளக்கிறது என்பது மட்டும்தான். ட்யூபுக்குள் இருக்கும் பொட்டாசியம் நோயாளியின் உடம்பில் இருந்ததுதானா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

செரத்தில், அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் திரவத்தில், பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 முதல் 5.1 மில்லிமோல் வரை இருக்கும். சிவப்பணுவுக்குள் அதைப்போல் சுமார் 20 மடங்கு. கொஞ்சம் செல் உடைந்தாலும், கசிந்தாலும் எண் ஏறிவிடும். சோடியத்துக்கு இந்தத் தொல்லை இல்லை, அது ஏற்கெனவே வெளியில்தான் அதிகம். உயிர்வேதியியல் லேபில் ட்யூபின் கதையை இவ்வளவு அப்பட்டமாகச் சொல்லும் டெஸ்ட் வேறு கிடையாது.

ஒரு எச்சரிக்கை. பல லேப்களில் 6.0 அல்லது 6.5-க்கு மேல் போனால் அது உடனே போன் செய்ய வேண்டிய ரிசல்ட். கீழே சொல்வதெல்லாம் ஐந்து நிமிட வேலை. அதற்கு மேல் இழுத்தால், சந்தேகத்தோடு சேர்த்தே வார்டுக்குச் சொல்லிவிடுங்கள். இதயம் நிற்கக்கூடிய அளவு இது. உண்மையாகவே இருந்துவிட்டால் நாம் "செக் பண்ணிக்கொண்டிருந்தோம்" என்பது பதிலாகாது.

முதலில் ட்யூபைக் கையில் எடுங்கள்

ரேக்கிலிருந்து எடுத்து, வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள். செரம் வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டும். இளஞ்சிவப்பு தெரிந்தால் ஹீமோலைசிஸ், அதாவது சிவப்பணு உடைந்து அதன் ஹீமோகுளோபின் செரத்தில் கலந்திருக்கிறது. லிட்டருக்கு 0.3 கிராம் அளவில் ஹீமோகுளோபின் கரைந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். பிலிருபின் ஏறிய மஞ்சள் செரத்தில் அதுவும் தெரியாது. அதனால் எவ்வளவு ஹீமோலைசிஸ் என்று மெஷின் எண்ணாகத் தரும் ஹீமோலைசிஸ் இன்டெக்ஸைக் கட்டாயம் பாருங்கள். கூடவே செல்லுக்குள் அதிகம் இருக்கும் எல்.டி.எச்., ஏ.எஸ்.டி. நொதிகள், பாஸ்பரஸ் மூன்றும் ஏறியிருந்தால் செல் உடைந்ததற்கு அவையே சாட்சி.

காரணம் பெரும்பாலும் ரத்தம் எடுத்த இடத்தில்தான். மெல்லிய ஊசி, சிரிஞ்சை வேகமாக இழுத்தது, சிரிஞ்சிலிருந்து ஊசி வழியாகவே ட்யூபுக்குள் அழுத்தித் தள்ளியது, ஐ.வி. கேனுலாவிலிருந்து எடுத்தது, தலைகீழாக மெதுவாகக் கவிழ்க்காமல் குலுக்கியது.

"இன்டெக்ஸ் இவ்வளவு, ஆகவே 0.6 கழித்துக்கொள்" என்று கணக்குப் போடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. வேண்டாம். ஒரே அளவு ஹீமோகுளோபினுக்கு எவ்வளவு பொட்டாசியம் வெளியே வரும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். தவிர, நோயாளியின் ரத்தக்குழாய்க்குள்ளேயே செல் உடைந்துகொண்டிருந்தால் அந்தப் பொட்டாசியம் உண்மையானது. வேறு வேறு ஆள் எடுத்தும் அதே நோயாளியின் ட்யூப் மட்டும் தொடர்ந்து சிவப்பாக வந்தால், "சாம்பிள் சரியில்லை" என்று மூன்றாம் முறையும் திருப்பி அனுப்பாமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

பிளட் கேஸ் மெஷினில் எடுத்த பொட்டாசியத்தை வைத்து ஒப்பிடுவதிலும் ஒரு பொறி இருக்கிறது. அது முழு ரத்தத்தில் அளக்கிறது. பல மாடல்களில் ஹீமோலைசிஸைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. சிரிஞ்சில் மிச்சமிருப்பதைச் சென்ட்ரிஃப்யூஜில் சுற்றிப் பார்த்தால்தான் நிறம் தெரியும்.

செரம் தெளிவாக இருக்கிறது, கால்சியம் எவ்வளவு?

இப்படி ஒரு ரிசல்ட் வருகிறது என்று வையுங்கள்: பொட்டாசியம் 9.1, கால்சியம் 5.2 மில்லிகிராம், ஏ.எல்.பி. என்ற நொதி 11, சோடியம் 139, கிரியேட்டினின் 0.9. செரம் பளிச்சென்று இருக்கிறது. நோயாளி எழுந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார். இது ஊதா மூடி ட்யூபின் கைவரிசை. அதில் பூசியிருப்பது, ரத்தம் உறையாமல் தடுக்கும் இ.டி.டி.ஏ.வின் பொட்டாசியம் உப்பு. பொட்டாசியம் அந்த உப்பிலிருந்தே வருகிறது; இ.டி.டி.ஏ. கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, ஏ.எல்.பி. வேலை செய்யத் தேவையான துத்தநாகத்தையும் மெக்னீசியத்தையும் கட்டிப்போடுகிறது. பொட்டாசியம் ஏறி, கால்சியமும் ஏ.எல்.பி.யும் சேர்ந்து இறங்கினால் வேறு விளக்கம் தேட வேண்டாம்.

மஞ்சள் மூடி ட்யூபில் ரத்தம் போதவில்லை என்று ஊதா ட்யூபைத் திறந்து அதிலிருந்து ஊற்றியிருப்பார்கள். அல்லது ஊதாவை முதலில் நிரப்பியிருப்பார்கள். வரிசை இது: கல்ச்சர் பாட்டில், நீல மூடி சிட்ரேட், சிவப்பு அல்லது மஞ்சள் மூடி செரம், பச்சை மூடி ஹெப்பாரின், ஊதா, கடைசியில் சர்க்கரைக்கான சாம்பல் மூடி. சாம்பல் ட்யூபில் ஃப்ளோரைடுடன் பொட்டாசியம் ஆக்ஸலேட் இருந்தால் அதுவும் இதே வேலையைக் காட்டும்.

பிடிபடாத வகை ஒன்று உண்டு. ஊசி நுனியில் ஒட்டிய துளி அளவு இ.டி.டி.ஏ. வந்தால் பொட்டாசியம் 4.6 இருக்க வேண்டியது 5.7 ஆகும், கால்சியமோ நார்மலுக்குள்ளேயே கொஞ்சம் நகர்ந்திருக்கும். முந்தைய ரிசல்ட்டோடு ஒப்பிட்டால்தான் உறைக்கும்.

எப்போது எடுத்தது, எங்கே வைத்தது

ஃபாரத்தில் எடுத்த நேரம் எழுதாமல் வரும் சாம்பிளில் பாதி விசாரணை அங்கேயே செத்துவிடுகிறது. ரத்தம் எடுத்து இரண்டு மணி நேரத்துக்குள் செல்லிலிருந்து செரம் பிரிந்திருக்க வேண்டும்.

"லேட்டாகும், அதனால் ஃப்ரிட்ஜில் வைத்தோம்" என்று நல்லெண்ணத்தோடு செய்வது எல்லாவற்றிலும் மோசம். செல்லுக்குள் பொட்டாசியத்தைப் பிடித்து வைக்கும் பம்ப் குளிரில் படுத்துவிடும், பொட்டாசியம் வெளியே கசியும். செல் உடையவில்லை, ஆகவே ஹீமோலைசிஸ் இன்டெக்ஸ் சுத்தமாக இருக்கும். அறை வெப்பத்தில் கிடந்த ரத்தத்தில் குளுக்கோஸ் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறைவதால், குறைந்த சர்க்கரை நமக்கு ஒரு துப்பு கொடுக்கும். ஃப்ரிட்ஜில் இருந்ததில் அந்தத் துப்பும் கிடைக்காது. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்: "சிஸ்டர், இது எத்தனை மணிக்கு எடுத்தது, இடையில் எங்கே இருந்தது?"

சென்ட்ரிஃப்யூஜ்

ஜெல் ட்யூப் (சுற்றியபின் செல்லுக்கும் செரத்துக்கும் நடுவே ஜெல் தடுப்பாக நிற்கும் ட்யூப்) 30 நிமிடம் நிமிர்ந்து நின்று, ரத்தம் முழுதாக உறைந்த பிறகு சுற்ற வேண்டும். பொதுவாக 1000 முதல் 1300 ஜி (புவியீர்ப்பைப்போல் அத்தனை மடங்கு விசை), 10 நிமிடம். சாய்வுக் கோண ரோட்டரானால் 15. ட்யூப் நிறுவனம் வேறு சொன்னால் அதுவே கணக்கு. "3000-ல் போடு" என்று சொல்லிக்கொடுப்பது போதாது, ஜி என்பது ஆர்.பி.எம். மட்டுமல்ல. ரோட்டர் ஆரம் சென்டிமீட்டரில், அதை ஆர்.பி.எம். வர்க்கத்தால் பெருக்கி, 0.00001118-ஆல் பெருக்குங்கள். 15 செ.மீ. ஆரத்தில் 3000 சுற்று 1509 ஜி. அதே ரோட்டரில் 2700 வைத்தால் 1222. மெஷின் மாற்றினால் ஆரத்தை மறுபடி அளந்துகொள்ளுங்கள்.

செரம் போதவில்லை என்று ஜெல் ட்யூபை மறுபடி சுற்றாதீர்கள். செல்லோடு சேர்ந்து ஜெல்லுக்குக் கீழே கிடந்த திரவம் மேலே வந்து கலக்கும். அதில் பொட்டாசியம் எவ்வளவு கசிந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கை, டிரிப், பிளேட்லெட்

கையில் கட்டும் டூர்னிகே பட்டை ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்கக்கூடாது. கையை மூடி மூடித் திறக்கச் சொன்னால் தசையிலிருந்து பொட்டாசியம் வெளிவந்து 1 மில்லிமோல் வரைகூட ஏற்றிவிடும். டிரிப் ஓடும் கையில் எடுத்திருந்தால் மற்ற எண்கள் காட்டிக்கொடுக்கும்: சலைன் என்றால் குளோரைடு ஏறி, புரதமும் கால்சியமும் நீர்த்திருக்கும், டெக்ஸ்ட்ரோஸ் என்றால் சர்க்கரை எகிறி சோடியம் விழுந்திருக்கும், டிரிப்பில் பொட்டாசியம் கலந்திருந்தால் நேராக நம் எண்ணிலேயே வந்து நிற்கும்.

எதுவும் பொருந்தவில்லையா? ஹீமட்டாலஜியில் பிளேட்லெட் எண்ணிக்கை கேளுங்கள். 5 லட்சத்துக்கு மேல் இருந்தால், உறையும்போது பிளேட்லெட்டுகள் பொட்டாசியத்தை விடும். அப்போது செரமும் ஹெப்பாரின் பிளாஸ்மாவும் (உறையவிடாமல் பிரித்த திரவம்) ஒரே நேரத்தில் எடுத்து இரண்டையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். செரத்தில் அதிகம், பிளாஸ்மாவில் நார்மல் என்றால் உண்மை பிளாஸ்மாதான். வெள்ளணு லட்சக்கணக்கில் ஏறிய லுக்கேமியாவில் இது தலைகீழாகவும் நடக்கும்: அந்தச் செல்கள் எளிதில் உடைபவை, ஹெப்பாரின் ட்யூபில், காற்றழுத்தத்தால் சாம்பிளை அனுப்பும் நியூமேட்டிக் குழாயில் வந்த அதிர்ச்சியில் உடைந்து பிளாஸ்மா எண் ஏறும். கையில் எடுத்து வரச் சொல்லி, உடனே ஓட்டுங்கள்.

மெஷினை இவ்வளவு பின்னால் வைத்ததற்குக் காரணம், அதன் தவறு ஒரு நோயாளியோடு நிற்காது. அன்றைய கன்ட்ரோல் (அளவு தெரிந்த சோதனை சாம்பிள்) 2 எஸ்.டி.க்குள், அதாவது அனுமதித்த விலகலுக்குள் இருக்கிறதா, முன்னும் பின்னும் ஓடிய பத்து சாம்பிளும் ஏறுமுகமாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

ரிப்போர்ட்

ட்யூபில் கோளாறு என்று தெரிந்தால் எண்ணைத் தராமல், காரணத்தை எழுதி, புது சாம்பிள் கேளுங்கள். "6.8, ஹீமோலைஸ்டு" என்று போட்டால் படிப்பவர் கண்ணில் 6.8 மட்டும்தான் விழும். கோளாறு எதுவும் இல்லையென்றால் போன். நோயாளி பெயர், எண், ரிசல்ட் சொல்லி, எதிரில் இருப்பவரைத் திருப்பிச் சொல்லவைத்து, அவர் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

திரை சிவப்பில் காட்டாத ஒன்றும் இருக்கிறது. ட்யூப் இளஞ்சிவப்பு, பொட்டாசியம் 3.7. நார்மல் எல்லைக்குள் இருப்பதால் யாரும் நிறுத்திப் பார்ப்பதில்லை. ஹீமோலைசிஸைத் தள்ளிவிட்டால் உள்ளே இருப்பது 2.9 ஆக இருக்கலாம், அந்த நோயாளி, சிறுநீரைப் பெருக்கிப் பொட்டாசியத்தை இழக்கவைக்கும் டையூரெட்டிக் மாத்திரையில் இருக்கலாம். இந்த ட்யூபுக்கும் புது சாம்பிள் கேட்க வேண்டும்.